வேறு மூன்று விடைகள்

“விடையைக் கண்டுபிடிச்ச பிறகு என்ன செய்யிறது, டீச்சர்?”

ராக்கம்மா என்ற மாணவி 1936இல் என்னிடம் இதைக் கேட்டாள். இப்போது 1947. கொழும்பு கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பாடசாலையில் உடல்நூலும் செடிநூலும் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். இரண்டையும் சேர்த்து இப்போது உயிரியல் என்கிறார்கள்.

என் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. நான் ஒரு புதிரை வைப்பேன். யாரும் உடனே விடை சொல்லக் கூடாது. வேறு மூன்று விடைகளும் இருக்கலாம் என்று முதலில் காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் எதைப் பார்த்து, எதைச் சோதித்துத் தள்ளுவாய் என்று சொல்ல வேண்டும். தள்ள முடியாமல் மிஞ்சுவதுதான் விடை. மழையில் நனைந்ததால் பிள்ளைக்குத் தடிமன் பிடித்தது என்று தாய் சொன்னால், கூட நனைந்த மற்றப் பிள்ளைக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கப் பழக்கினேன்.

புதிர்களில் பாதியை என் தங்கை ஐறீன் வெள்ளவத்தையிலிருந்து எழுதி அனுப்புவாள். விடுதியும் என் பொறுப்பில் இருந்ததால் மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும்தான் நான் வெளியே போகலாம். ஆகவே ஒரே பட்டினத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதினோம். அவளிடமிருந்த என் கடிதங்களை அவள் கணவர் வலன்ரைன் பிற்பாடு என்னிடம் தந்தார். தேதிப்படி அடுக்கித் தருகிறேன்.

*

கொட்டாஞ்சேனை
7 யூன் 1936

சேசு மரி சூசை

அன்புள்ள தங்கச்சி ஐறீனுக்கு,

இங்கே விடுதிப் பிள்ளைகளுக்குக் கண்நோவு வந்து ஆறிவிட்டது. எனக்கு முழங்கால் மட்டும் மழையோடு கோபித்துக்கொண்டிருக்கிறது. நீயும் வலன்ரைனும் என் செல்லம் நேசமும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் செவ்வரத்தையின் வழக்கு தீர்ந்தது. கடல் பார்த்த பக்கத்து இலை மட்டும் கருகுகிறது என்று எழுதினாயே. வெயில் என்றாள் ஒருத்தி. பின்னேர வெயில் சுவரில்தான் விழுகிறது, மரத்தில் விழவில்லை என்று நீ எழுதியதைக் காட்டி மற்றவள் அதைத் தள்ளினாள். பூச்சி என்றார்கள். பூச்சிக்குத் திசை தெரியுமா என்று கேட்டு அதையும் தள்ளினார்கள். வேர் அழுகல் என்றால் எல்லாப் பக்கமும் வாட வேண்டும். மிஞ்சியது கடற்காற்றின் உப்பு. பாதிக் கிளைகளை மட்டும் தினமும் பைப் தண்ணீரில் கழுவிப் பார்க்கட்டாம். மற்றப் பாதியைத் தொட வேண்டாம். ராக்கம்மா என்று துறைமுகத்துக் கங்காணி ஒருவரின் மகள் சொன்ன யோசனை. கூர்மையான பிள்ளை.

மதர் என்னைக் கூப்பிட்டு, “பிள்ளையளுக்கு வாய் காட்டப் படிப்பிக்கிறீர் போல” என்றார். காரணம் கேட்கப் படிப்பிக்கிறேன் என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்றார்.

அடுத்த புதிரை அனுப்பு. நேசத்தின் கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம் வை.

உன் அக்கா
பேர்ணடெற்

*

வெள்ளவத்தை
21 யூன் 1936

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசி வெந்நீர் விடுங்கள். இங்கே எல்லோரும் சுகம். நேசம் பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து இப்போது அம்மா என்பதை விட்டு என்னையே “அக்கே” என்று கூப்பிடுகிறாள்.

கழுவிய கிளைகள் தளிர்த்துவிட்டன. மற்றப் பக்கம் அப்படியேதான். “உன்ர அக்காவின்ர பிள்ளையள் ஒரு நாளைக்கு வந்து எங்கட வீட்டுக் கரப்பானுக்கும் வழக்குப் பேசப் போகினம்” என்று இவர் சிரிக்கிறார்.

புதுப் புதிர் ஒன்று. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். போன கிழமை சோற்றுப் பானையை இறக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டாள். சுட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. ஏதோ கருகுகிற மணம் வருகிறதே என்று அடுப்பைச் சுற்றித் தேடினாளாம். பிறகுதான் கையைப் பார்த்தாள். ஏன்?

அவசரம் ஒன்றுமில்லை. வகுப்புக்கு வசதியானபோது செய்யட்டும்.

உங்கள் தங்கை
ஐறீன்

*

கொட்டாஞ்சேனை
2 யூலை 1936

அன்புள்ள ஐறீன்,

நல்லெண்ணெய் வேலை செய்கிறது. நீங்கள் மூவரும் சுகமாயிருக்கத் தினமும் மன்றாடுகிறேன்.

இந்தப் புதிர் வகுப்பையே எழுப்பிவிட்டது. ஜவாஹிறா முதலில் எழுந்தாள். “அவ எந்த நேரமும் அடுப்படியில நிக்கிறவ, டீச்சர். தோல் தடிச்சுப் போயிருக்கும். எங்கட உம்மா நெருப்புக் கட்டையையே கையால தள்ளுவா.” “உங்கட உம்மா எங்களையும் அப்பிடித்தான் தள்ளுவா” என்றாள் பின் வாங்கில் இருந்த ஒருத்தி. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

தோல் தடித்தது ஒரு விடை. கையை மடக்கிப் படுத்து விறைத்தது இரண்டாவது. ஏதோ பெரிய யோசனையில் இருந்ததால் கவனிக்கவில்லை என்பது மூன்றாவது. இவற்றைத் தள்ளுவதற்குப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் இவை. சுட்டது எந்த விரல்? முன்பும் இப்படி நடந்ததா? எவ்வளவு காலமாக? அந்தக் கையின் தோலில் ஏதும் நிற வித்தியாசம் உண்டா? அந்த இடம் வியர்க்கிறதா?

கடைசிக் கேள்வி ராக்கம்மாவினது. ஏன் என்று கேட்டேன். “வியர்க்கிறதுக்கும் நரம்பு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் மெல்லமாகக் கேட்டு எழுது.

அக்கா

*

வெள்ளவத்தை
20 யூலை 1936

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் பிந்திவிட்டது. நேசத்துக்கு இருமல் இருந்தது. இப்போது சுகம்.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சுட்டது வலது கைச் சின்ன விரலின் பக்கம். தோல் தடித்திருப்பது பெருவிரலிலும் சுட்டுவிரலிலும்தான், அங்கே இல்லை. இது தபசு காலத்திலிருந்தே, நாலைந்து மாதமாக இருக்கிறது, ஒரு நாள் விறைப்பு அல்ல. முழங்கைக்குக் கீழே வெற்றிலையளவில் ஒரு வெளிறல். மத்தியானம் தேங்காய் துருவும்போது கை முழுவதும் வியர்த்து ஒழுகும், அந்த வெற்றிலையளவு மட்டும் சிலேற்றுப் பலகைபோல் காய்ந்திருக்கும்.

யோசனையில் இருந்தாளா என்றால், அதுவும் இல்லை. ஒரு நாள் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியில் இரத்தப் பொட்டு. எங்கிருந்து என்று துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊசி அவள் விரலில் நின்றது. விடியற்காலையில் சின்ன விரலும் மோதிர விரலும் உறை போட்டதுபோல் இருக்கும். போர்வை மேலே கிடக்கிறதா விலகிவிட்டதா என்று அவற்றுக்குத் தெரியாது.

இந்தக் கடைசி ஞாயிறு வராதீர்கள் அக்கா. இவருடைய சிநேகிதர்கள் சாப்பாட்டுக்கு வருகிறார்கள், வீடு கொள்ளாது.

ஐறீன்

*

இந்தக் கடிதத்தை வழக்கம்போல் வகுப்பில் வாசித்தேன். பிறகு நடந்ததை ஐறீனுக்கு நான் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மூன்று விடைகளையும் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். ராக்கம்மா மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

“டீச்சர், இதுல ஒண்ணு பொருந்தல. பானை சுட்டதையும் ரத்தம் வந்ததையும் பக்கத்து வீட்டுக்காரங்க பார்க்கலாம். விடியக்காலையில போர்வை விரல்ல படுதா இல்லையாங்கிறது எழுதினவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவ சொல்லியிருப்பா” என்றாள் ஜவாஹிறா.

“இதைப் போய் யாராச்சும் சொல்வாங்களா? இது பெருவியாதிடி. எங்க லைன் வீடுகள்ல ஒருத்தருக்கு இப்படித்தான் முதல்ல விரல் மரத்துச்சு. யாரோ சொல்லிட்டாங்க. மறுநாளே வண்டி வந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் ஏத்திட்டுப் போயிட்டாங்க. அவரு பிள்ளைங்களைப் பார்க்கவே இல்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் புதிர்களை எழுதுகிறவர் யார் என்பது அவளுக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்த்தாள். வகுப்பும் பார்த்தது. அப்போதுதான், மிகவும் மெல்லிய குரலில், தொடக்கத்தில் நான் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டாள். மணி அடிக்கும்வரை நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

களனி ஆற்றுக்கு அக்கரையில்தான் தொழுநோயாளரை வைத்திருந்தார்கள். வைத்தியர் கண்டால் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால் போயாக வேண்டும். போனவர்களுக்கு ஒரு எண்ணெயை ஊசியால் ஏற்றினார்கள். சிலருக்கு அதில் குணம் கண்டது என்றும் சொன்னார்கள். திரும்பி வந்த யாரையும் எனக்குத் தெரியாது.

*

கொட்டாஞ்சேனை
9 ஓகஸ்ட் 1936

அன்புள்ள ஐறீன்,

நேசத்தின் இருமல் முழுதாய் விட்டதா? இங்கே மழை இல்லை. சோதனைத்தாள்கள் திருத்துகிறேன். மதருக்குப் புதுக் கண்ணாடி வந்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு எங்கள் எல்லோரிலும் புதுக் குற்றம் கண்டுபிடிக்கிறார்.

பிள்ளைகள் உன் புதிரை இன்னும் முடிக்கவில்லை. ஒரு சோதனை பாக்கி. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வேறு யாராவது ஒரு கோப்பையில் சுடுநீரும் ஒன்றில் குளிர்ந்த நீரும் எடுத்து, வெளிறிய இடத்தில் மாறி மாறி வைக்க வேண்டும். எது எது என்று அவள் சொல்ல வேண்டும். முடிந்தால் எழுது. முடியாவிட்டாலும் எழுது.

இந்தக் கடைசி ஞாயிறு கட்டாயம் வருவேன்.

அக்கா

*

கொட்டாஞ்சேனை
6 செப்ரெம்பர் 1936

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் சுகம் அறிய ஆவலாயிருக்கிறேன்.

போன ஞாயிறு வந்தேன். வலன்ரைன் கதவைப் பாதி திறந்து நின்று, நீ தலையிடியோடு படுத்திருப்பதாய்ச் சொன்னார். உள்ளே உன் காலடி கேட்டது. நேசம் அவர் காலுக்கிடையால் ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். “பெரியம்மா, அம்மா என்னோட கோவம்” என்றாள். வலன்ரைன் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொண்டுவந்த அன்னமுன்னாப் பழங்களை வாசலில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஒரு வரி எழுது.

பேர்ணடெற்

*

வெள்ளவத்தை
28 செப்ரெம்பர் 1936

அன்புள்ள அக்காவுக்கு,

பழங்களை நேசம் முகமெல்லாம் பூசிக்கொண்டு தின்றாள். அவளும் இவரும் சுகம்.

நீங்கள் இதுவரை ஒரு புதிருக்கும் விடை எழுதாமல் விட்டதில்லை. செவ்வரத்தைக்கு இரண்டு பக்கம் எழுதினீர்கள். இதற்கு மட்டும் மதரின் கண்ணாடியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோதே எனக்கு விடை கிடைத்துவிட்டது.

ஒழுங்கையில் அப்படி ஒரு பெண் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

கோப்பைச் சோதனையை இவர்தான் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். “இன்னும் வைக்கேல்லையோ?” என்று கேட்டேன். கண்ணைத் திறந்தால் கோப்பை என் கையின் மேல் இருக்கிறது, இவர் அழுகிறார்.

மூன்று மாதமாக நேசத்தை நான் தூக்கவில்லை. அவளுக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். தலை வாருவதும் இவர்தான். மார்கழியில் நத்தார்ப் பெருநாள் வரைக்கும் வீட்டில் இருந்தால் போதும் அக்கா. அவளுக்கு ஒரு சட்டை தைத்து முடிக்க வேண்டும். இடக்கையால் பழகுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சட்டம்தானே. வேறு மூன்று விடை சொல்லுங்கள்.

ஐறீன்

*

கொட்டாஞ்சேனை
5 ஒக்ரோபர் 1936

என் தங்கமே,

நீ கேட்டபடி எழுதுகிறேன்.

முழங்கை மூட்டில் ஓடும் நரம்பு எதிலாவது அழுந்தினால் அந்த இரண்டு விரல்களும் மரக்கும். இது முதல் விடை. ஆனால் நரம்பு அழுந்தினால் தோல் வெற்றிலையளவில் வெளிறாது. தீட்டிய அரிசியையே தின்றால் வரும் நோயிலும் மரப்பு உண்டு. அது இரண்டு கால்களிலும் தொடங்கும். உன் கால்கள் சுகம் என்று வலன்ரைனிடம் கேட்டு அறிந்தேன். மூன்றாவதாகப் பழைய தீக்காயத் தழும்பு என்று எழுதினேன். உன்னை வளர்த்தவள் நான். உன் கையில் அப்படி ஒரு தழும்பு இல்லை. எழுதிய நானே அதை வெட்டினேன்.

நான்காவது ஒன்றுக்காக இரண்டு நாள் பாடசாலை நூலகத்தில் இருந்தேன். இல்லை, ஐறீன்.

வைத்தியரிடம் போ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போகாதே என்று எழுதவும் வரவில்லை. நேசத்தை விடுதிக்கு அனுப்பினால் என் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்க வைப்பேன். வேறு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடம் படிப்பித்தும் ஒன்றும் தெரியவில்லை.

அக்கா

*

வெள்ளவத்தை
30 நவம்பர் 1936

மதிப்புக்குரிய பேர்ணடெற் அக்காவுக்கு,

தங்கள் சுகத்துக்குக் கர்த்தரை மன்றாடும் வலன்ரைன் எழுதுவது. உங்கள் கடிதத்துக்கு ஐறீன் பதில் எழுதவில்லை. தலையணைக்குக் கீழே வைத்திருந்தா.

போன செவ்வாய் ஐறீன் தானாகவே பாமன்கடையில் ஒரு வைத்தியரிடம் போய்க் கையைக் காட்டிவிட்டா. நத்தார் மட்டும் பொறுக்கச் சொல்லி நான் மறித்தேன். “பிள்ளை நித்திரையில வந்து என்ர மடியில ஏறுறாள். நான் எத்தினை நாளைக்குத் தள்ளுறது? தள்ளாமல் விட்டிடுவன் எண்டு பயமாயிருக்கு” என்றா.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. நான் திரும்பியபோது ஒழுங்கையில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. யன்னல்கள் மட்டும் திறந்திருந்தன. நேசத்தை முன்னதாகவே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டா. ஆகையால் நான் வழியனுப்பக்கூட நிற்கவில்லை.

வீட்டுக்காரர் வீட்டை விடச் சொல்கிறார். முற்றத்துச் செவ்வரத்தையையும் வெட்டுவித்துவிட்டார். நேசத்தை ஞாயிறு அழைத்து வருகிறேன். தாய் எங்கே என்று விடுதியில் யாருக்கும் சொல்ல வேண்டாம். சட்டை முடிந்துவிட்டது. ஒரு கை மட்டும் கோணல்.

இப்படிக்கு,
வலன்ரைன்

*

ஆற்றுக்கு அக்கரை
17 ஜனவரி 1937

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன். ஊசி போட்ட இடம் வீங்குகிறது, பிறகு வற்றுகிறது. நீங்களும் அப்படிச் சுகமென்றே எழுத வேண்டும்.

வெள்ளவத்தையைவிட இங்கே உங்களுக்குக் கிட்ட இருக்கிறேன். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் உங்கள் கோயில் மணி கேட்பதுபோல் இருக்கும். இங்குள்ளவர்கள் அது நினைப்பு என்கிறார்கள். மணியா, நினைப்பா, தோணிக்காரரின் சத்தமா என்று தள்ளிப் பார்க்கத் தொடங்கினேன். பிறகு விட்டுவிட்டேன். மணியாகவே இருக்கட்டும்.

நேசம் என்னைத் தேடுகிறாளா என்று எழுத வேண்டாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். அவளைக் கண்ணை மூடச் சொல்லி அந்த இரண்டு கோப்பைகளையும் வையுங்கள். கை, கால், முழங்கை எல்லா இடமும். விளையாட்டு என்று சொல்லுங்கள். என்ன சொன்னாள் என்று அப்படியே எழுதுங்கள். ஒரு சொல்லும் மாற்றாமல்.

ஐறீன்

*

கொட்டாஞ்சேனை
24 ஜனவரி 1937

என் தங்கமே,

ஒரு சொல்லும் மாற்றவில்லை.

“இது சுடுது, பெரியம்மா. இது குளிர். இது திரும்பக் குளிர், என்னை ஏமாத்தப் பாக்கிறீங்கள். இது சுடுது. ஐயோ, கூசுது! போதும். எனக்கு அந்தச் சுடுதண்ணியில தேத்தண்ணி போட்டுத் தாங்கோ.”

எல்லா இடமும் வைத்தேன். ஒன்றையும் பிழையாகச் சொல்லவில்லை.

தேத்தண்ணீர் குடித்தபடி, “அம்மாவும் இந்த விளையாட்டு விளையாடுவாவோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். “அம்மா வெல்லுவாவோ?” என்றாள். நான் கோப்பைகளைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

மாதாமாதம் செய்து எழுதுகிறேன்.

அக்கா

*

மாதாமாதம் செய்தேன், எழுதினேன். 1943 மழைக்காலத்தில் ஐறீன் அங்கேயே இறந்தாள். அதற்குப் பிறகும் கோப்பைகளை நான் நிறுத்தவில்லை. நேசத்துக்கு இப்போது பதினாறு வயது. இது என்ன சோதனை என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவாள். இதுவரை பிழையாகச் சொன்னதில்லை. இந்த நோய்க்குப் புது மருந்து ஒன்று வந்திருப்பதாகப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அந்தப் பத்திரிகையை மடித்து வைத்திருக்கிறேன், யாருக்கு என்று தெரியாமல்.

ராக்கம்மா இப்போது பொரளைப் பக்கத்தில் தாதியாக இருக்கிறாள். எப்போதாவது வந்து போவாள். அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்டதில்லை.

இதை வாசித்து முடித்ததும் ஒரு கோப்பையில் சுடுநீரும் ஒரு கோப்பையில் குளிர்ந்த நீரும் எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் யாரிடமாவது சொல்லி, ஒவ்வொன்றாக உங்கள் கையில் வைக்கச் செய்து, எது எது என்று சொல்லிப் பாருங்கள்.